மாதிரியும் மறுமாதிரியும்: ஒலி அட்டைக்குள் நடக்கும் கணக்கு

"சுருதி எறங்கியிருக்குடா" என்றார் பெரியப்பா.

எண்பதுகளில் எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றில் பதிவான நாகஸ்வரக் கேசட் அது. நாடா ஒட்டிக்கொண்டு வீணாவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு கடையில் கொடுத்துக் கோப்பாக வாங்கிவந்திருந்தேன். பெரியப்பா அந்தக் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து கேட்டவர். சங்கீதம் படித்தவரில்லை, ஆனால் இரண்டரைக் கட்டை எது, இரண்டு எது என்று அவர் காதுக்குத் தெரியும். நான் சொன்னேன்: "அதெல்லாம் இருக்காது பெரியப்பா, இது டிஜிட்டல். ஒரு நம்பர்கூட மாறாது." அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்பர் மாறல, சரி. நாயனம் மாறியிருக்கே" என்றார்.

நடந்தது இதுதான். கடையிலிருந்த கம்ப்யூட்டரின் ஒலி அட்டை கேசட் ஒலியை நொடிக்கு 48,000 எண்களாக அளந்து எடுத்திருக்கிறது. அந்த எண்களைக் கோப்பாக எழுதிய மென்பொருள், கோப்பின் தலைப்பகுதியில் 44,100 என்று குறித்துவிட்டது. என் கம்ப்யூட்டர் தலைப்பை நம்பி நொடிக்கு 44,100 எண்கள் என்ற வேகத்தில் வாசித்தது. 60 நிமிடம் 65 நிமிடம் 18 நொடியாக நீண்டது. சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கியது. இரண்டரைக் கட்டை, ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில், ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையிலும் உட்காராத ஓர் இடத்தில் போய் நின்றது. ஒரு எண்கூட மாறவில்லை என்று நான் சொன்னது சரி. பெரியப்பா சொன்னதும் சரி.

தெரிந்த பிறகு நான் செய்த காரியம் இன்னும் அசட்டுத்தனமானது. ஒலியை வெட்டி ஒட்டும் மென்பொருள் ஒன்றில் கோப்பைத் திறந்து 48,000-க்கு மாற்று என்றேன். அது கடமை தவறாமல் மாற்றித் தந்தது. எண்கள் அத்தனையும் வேறாகிவிட்டன, எண்ணிக்கையும் கூடிவிட்டது. போட்டுக் கேட்டால் அதே இறங்கின சுருதி, அதே 65 நிமிடம். மென்பொருள் செய்தது மறுமாதிரி. கேட்கும் ஒலியைக் காப்பாற்றிக்கொண்டு எண்களைப் புதிதாகக் கணக்கிடுவது அதன் வேலை. நான் செய்திருக்க வேண்டியதோ எண்களைத் தொடாமல் தலைப்பிலிருந்த ஒரே ஒரு எண்ணைத் திருத்துவது.

ஆக, எண்கள் அப்படியே இருக்க ஒலி மாறுகிறது. எண்கள் எல்லாம் மாற ஒலி அப்படியே இருக்கிறது. மூலம், பிரதி, நகல் என்று வருஷக்கணக்காகப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய நமக்கு இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரு பரீட்சை என்றே நினைக்கிறேன். டிஜிட்டல் என்றால் 'மூலமற்ற நகல்' என்று போத்ரியாரை முன்வைத்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். நகலுக்கும் நகலுக்கும் வித்தியாசமே இல்லை என்பதுதான் அந்தப் பேச்சின் அஸ்திவாரம். ஆனால் கோப்பு ஒரே கோப்பாக இருந்தாலும், அது ஒலியாவதற்கு ஒரு கருவியின் கடிகாரம் வேண்டும். எந்தக் கடிகாரம், யார் வைத்தது, இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகாதபோது நடுவில் உட்கார்ந்து கணக்கை யார் சரிக்கட்டுகிறார்கள்? நம்முடைய கோட்பாட்டுப் பேச்சில் இந்த இடம் காலியாக இருக்கிறது. ஒலி அட்டைக்குள் ஓசைப்படாமல் நடக்கும் மறுமாதிரி என்ற வேலை அந்தக் காலி இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

*

'மாதிரி' என்ற சொல் தமிழில் இரண்டு பக்கமும் இழுக்கிற சொல். அரிசி மண்டியில் சாக்கில் குத்தூசியைச் செருகி எடுக்கிறார்களே, அது மாதிரி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும் அதே தர்க்கம்: துண்டு முழுமைக்குச் சாட்சி சொல்கிறது. 'அது மாதிரி இது' என்னும்போது சொல் ஒப்புமைக்குத் தாவிவிடுகிறது. ஒலியை எண்ணாக்கும் வேலையை மாதிரியெடுப்பு என்று மொழிபெயர்த்தபோது முதல் பொருளும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. நொடிக்கு 44,100 இடத்தில் குத்தூசி போடுகிறான், மிச்சமெல்லாம் சாக்கிலேயே போச்சு என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். கற்பனை என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

கணிதம் சொல்வது வேறு. ஓர் ஒலியில் மாதிரி வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் இல்லை என்றால், அந்த எண்கள் ஒரே ஒரு அலையைத்தான் தீர்மானிக்கும். இரண்டு எண்களுக்கு நடுவில் அலை எங்கே போய் எப்படித் திரும்பியது என்பதும் அந்த எண்களிலேயே அடங்கியிருக்கிறது. பக்கத்து எண்கள் எல்லாம் சேர்ந்து அதைச் சொல்லும். குத்தூசி அரிசியில் இப்படி நடக்காது. 1915-ல் விட்டேக்கர், 1933-ல் சோவியத் நாட்டில் கோட்டெல்னிகோவ், 1949-ல் ஷானன் என்று பலர் தனித்தனியாக வந்துசேர்ந்த தேற்றம் இது. 1928-ல் நைக்விஸ்ட் தந்தித் துடிப்புகளைப் பற்றி எழுதியதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் நைக்விஸ்ட், ஷானன் என்ற இரண்டு பெயர்களோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளும். மாஸ்கோக்காரன் அடிக்குறிப்பில் கிடப்பான். இதற்கும் ஓர் அரசியல் உண்டு, அது இன்னொரு கட்டுரை.

இங்கே நம் கோட்பாட்டு நண்பர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. இடைவெளி என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், தெரிதாவைக் கூப்பிட்டுவிடுவார்கள். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் சிக்காமல் நழுவும் மிச்சம், பிடிபடாத மற்றமை, மௌனத்தின் சுவடு என்றெல்லாம் டிஜிட்டல் ஒலியைப் பற்றி எழுதுவது சுலபம். நானே இரண்டு கூட்டங்களில் பேசியிருக்கிறேன். வரம்புக்குட்பட்ட ஒலியைப் பொறுத்தவரை அந்த நடுவில் மர்மம் எதுவும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. இழப்பு வரம்புக்கு மேலே இருக்கிறது: 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது எண்ணாக்கும்போதே வெட்டப்படுகிறது. டெலிபோனில் அந்த வெட்டுக் கத்தி இன்னும் கீழே இறங்குகிறது. பழைய டெலிபோன் எண்முறையில் வீதம் 8,000, குரல் ஏறக்குறைய 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரை. 'ஸ்' என்றாரா 'ஃப்' என்றாரா என்று குழம்புவது அதனால்தான். இடைவெளியைத் தேடுகிறவர்கள் கிடையாகப் பார்க்கிறார்கள். வெட்டு நிலைக்குத்தாக விழுந்திருக்கிறது.

எதிர்முகாமிலும் இதே தவறு வேறு வேஷத்தில் உண்டு. விலை கூடிய ஒலிக்கருவி வாங்கும் ரசிகர் கூட்டம், கோப்பிலுள்ள எண் ஒன்று பிசகாமல் அட்டையின் வாய்வரை போக வேண்டும், நடுவில் யார் தொட்டாலும் தீட்டு என்று நம்புகிறது. கோட்பாட்டாளர் எண்களுக்கு நடுவில் ஒலியைத் தொலைக்கிறார். ரசிகர் எண்களையே ஒலி என்று கும்பிடுகிறார். எண் என்பது ஒலியின் துண்டு என்ற ஒரே நம்பிக்கைதான் இரண்டு பேருக்கும்.

*

சரி, ஏன் இரண்டு வீதம்? ஒரே எண்ணை வைத்துக்கொண்டிருக்கலாமே.

குறுந்தகடு 74 நிமிடம் ஓடுவதற்குக் காரணம் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி என்று ஒரு கதை உலவுகிறது. கலை, மேதை, மகத்தான நீளம்: கேட்க நன்றாக இருப்பதால் எல்லோரும் சொல்வார்கள். 44,100 எங்கிருந்து வந்தது என்று யாரும் கதை சொல்வதில்லை. காரணம், அதில் மேதைமை எதுவும் கிடையாது. 1970களின் பிற்பகுதியில் எண்மயமான ஒலியைச் சேமித்துவைக்கும் அளவுக்குக் கொள்ளளவுள்ள மலிவான சாதனம் வீடியோ நாடா மட்டுமே. எனவே ஒலியின் எண்களைக் கருப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கிப் பொய்யான டெலிவிஷன் படமாக வேஷம் போட்டு நாடாவில் பதிந்தார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 புலம், புலத்துக்குப் பயன்படும் கோடுகள் 245, கோட்டுக்கு 3 மாதிரி. பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50 புலம், 294 கோடு, 3 மாதிரி. அதுவும் 44,100. இரண்டு டெலிவிஷன் முறைக்கும் பொருந்தி, காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸின் இருமடங்குக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் எண் அது. அப்புறம் குறுந்தகட்டின் மூலநாடாக்கள் இதே யு-மேட்டிக் வீடியோ நாடாக்களில்தான் தொழிற்சாலைக்குப் போயின. 1980-ல் சோனியும் ஃபிலிப்ஸும் வகுத்த சிவப்புப் புத்தகத்தில் அந்த எண் சட்டமாயிற்று. 1982 அக்டோபரில் ஜப்பானில் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது.

அதாவது இன்றைக்குக் கேட்கிற பாட்டுக்குள், 1970களின் டெலிவிஷன் திரைக் கோடுகளின் எண்ணிக்கை புதைந்துகிடக்கிறது. வண்ண டெலிவிஷனில் புலவீதம் 60 அல்ல, 59.94, அதை வைத்துப் பெருக்கினால் 44,056 வரும். அந்த வீதத்தில் பதிந்த கருவிகளும் சந்தையில் இருந்தன. இதற்கெல்லாம் முன்னால் 1972-ல் டெனான் 47,250-ல் பதிவு செய்துகொண்டிருந்தது. அது 15,750 டெலிவிஷன் கோடுகளை மூன்றால் பெருக்கிய கணக்கு. அமெரிக்காவில் சவுண்ட்ஸ்ட்ரீம் 50,000-ல் பதிந்தது. ஊருக்கொரு மரக்கால்.

48,000 இன்னொரு வீட்டுப் பிள்ளை. ஒளிபரப்பும் சினிமாவும் அதை விரும்பின. நொடிக்கு 24 பிம்பம் ஓடும் சினிமாவில் பிம்பத்துக்கு 2,000 மாதிரி, 25-க்கு 1,920, 30-க்கு 1,600. எல்லாம் முழு எண்கள். 44,100-ஐ 24-ஆல் வகுத்தால் 1,837.5 வருகிறது, அரை மாதிரியை எங்கே வெட்டுவது? படத்தோடு ஒலியை ஒட்டுகிறவர்களுக்கு 48,000 வசதி. பிறகு டிவிடியும் அதையே எடுத்துக்கொண்டது.

இந்த இரண்டு எண்களும் கொஞ்ச காலம் வேலியாகவும் நின்றன. 1987-ல் டாட் என்ற எண்முறை நாடாப் பதிவுக்கருவி வந்தபோது, குறுந்தகட்டை அப்படியே நகல் எடுத்துவிடுவார்கள் என்று இசைத்தட்டு முதலாளிகள் அலறினார்கள். வீட்டு உபயோகத்துக்கென்று வந்த ஆரம்பகாலக் கருவிகள் 48,000-ல் பதியும், 44,100-ல் பதியாது. எண்ணுக்கு எண் நகல் எடுக்க முடியாது. ஒலியாக்கி, மறுபடி அளந்துதான் எடுக்க வேண்டும். சி.பி.எஸ். நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், இசையின் நடுவிலேயே ஒரு சின்னப் பள்ளம் வெட்டிவிடலாம், பள்ளத்தைக் கண்டால் கருவி பதிவை நிறுத்திவிடும் என்று ஒரு யோசனை சொன்னது. அமெரிக்க அரசின் தர நிர்ணய அலுவலகம் 1988-ல் சோதித்து, அது சரியாக வேலை செய்யவில்லை, ஒலியையும் கெடுக்கிறது என்று ஒதுக்கியது. கடைசியில் 1992-ல் தொடர்நகலைத் தடுக்கும் குறியீடு அமெரிக்காவில் சட்டமாக வந்தது. மறுமாதிரிக் கணக்கு செலவு பிடித்த வேலையாக இருந்த காலத்தில், இரண்டு எண்களின் பொருத்தமின்மைக்குச் சொத்துரிமையைக் காவல் காக்கும் உபயோகம் இருந்தது. கணக்கு மலிவானதும் வேலி தானாகச் சாய்ந்தது.

*

இனி அட்டைக்குள் போவோம்.

ஒலி அட்டையில் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கும். நொடிக்கு 2,45,76,000 துடிப்பு என்றால் அதை 512-ஆல் வகுக்க 48,000 கிடைக்கும். 44,100 வேண்டுமானால் 2,25,79,200 துடிப்புள்ள வேறொரு படிகம் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதைச் சுலபமாக வகுத்து எடுக்க முடியாது. தொழில்முறைக் கருவிகளில் இரண்டு படிகமும் இருக்கும். கோடிக்கணக்கில் விற்கும் மலிவுப் பலகையில் இரண்டாவது படிகம் என்பது வீண் செலவு. இன்டெல் வகுத்து 1997 முதல் பரவலான ஏ.சி.97 என்ற தரம் 48,000-ஐ அடிப்படை வீதமாக வைத்தது; மற்ற வீதங்கள் பின்னால் விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான் வந்தன. 1998-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையில் ஈ.எம்.யு.10கே1 என்ற சில்லு. அதற்குள் எது நுழைந்தாலும் 48,000 ஆகிவிடும். உலகத்தில் அன்றைக்கு இருந்த எண்மய இசையில் பெரும்பகுதி குறுந்தகட்டு இசை, 44,100. அதைக் கேட்க மிகப் பரவலாக வாங்கப்பட்ட அட்டைகளில் ஒன்று அந்த வீதத்தை அப்படியே ஏற்காது. இந்த வேடிக்கையை அட்டைப்பெட்டியின் மேல் யாரும் அச்சடிக்கவில்லை.

முதலாளியின் கஞ்சத்தனம் என்று சொல்லி முடித்துவிட்டால் நியாயமில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. கோட்பாட்டுக்கு அதுதான் முக்கியம். கம்ப்யூட்டரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கடிதம் வந்தால் மணி அடிக்க வேண்டும். விளையாட்டில் துப்பாக்கி வெடிக்க வேண்டும். இரண்டு எண்வரிசைகளைக் கூட்டினால்தான் இரண்டு ஒலியும் சேர்ந்து கேட்கும். ஒன்று நொடிக்கு 44,100, மற்றது 48,000 என்றால் எதோடு எதைக் கூட்டுவது? பொதுக் கடிகாரம் ஒன்றுக்கு எல்லோரும் வந்தாக வேண்டும்.

ஃப்ரெட்ரிக் கிட்லர் 1986-ல் வெளியிட்ட கிராமஃபோன், சினிமா, டைப்ரைட்டர் பற்றிய நூலின் தொடக்கத்தில், எல்லாம் எண்ணாகிவிட்டால் ஊடகத்துக்கும் ஊடகத்துக்கும் உள்ள வித்தியாசமே அழிந்துவிடும், எதை எதாக வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற திசையில் வாதிடுகிறார். படிக்கும்போது சிலிர்க்கிறது. ஆனால் ஒலிக்குள்ளேயே, ஒரே மேசையின் மேல், இரண்டு எண்வரிசைகள் ஒன்றோடொன்று பேச மறுக்கின்றன. எண்ணாகிவிட்டதாலேயே சமத்துவம் வந்துவிடுவதில்லை. எண்களுக்கும் ஊர் உண்டு, மரக்கால் உண்டு. ஒரு மரக்காலில் அளந்ததை இன்னொரு மரக்காலுக்கு மாற்றும்போது அளப்பவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்பது கீழத்தஞ்சைப் பக்கம் நெற்கூலி வாங்கியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

*

அளப்பவன் எப்படி அளக்கிறான்?

44,100-க்கும் 48,000-க்கும் உள்ள விகிதம் 147-க்கு 160. உள்ளே வரும் ஒவ்வொரு 147 எண்களுக்கும் 160 எண்கள் வெளியே போக வேண்டும். இரண்டு கடிகாரங்களும் ஒரே கணத்தில் அடிப்பது நொடிக்கு 300 தடவை மட்டும். மிச்சம் 47,700 எண்களும் கோப்பில் எங்கும் இல்லாதவை, அந்தக் கணத்தில் கணக்கிட்டு எழுதப்படுபவை. நேர்மையான வழியில், ஒவ்வொரு புதிய எண்ணுக்கும் அக்கம்பக்கத்திலிருக்கும் பல பத்துப் பழைய எண்களை எடுத்து, சிங்க் என்ற அலைவடிவச் சார்பு சொல்லும் எடைகளால் பெருக்கிக் கூட்டுவார்கள். தேற்றப்படி இந்தச் சார்பு இரண்டு பக்கமும் முடிவில்லாமல் நீள்கிறது. நிஜத்தில் எங்கேயாவது வெட்டியாக வேண்டும். எங்கே வெட்டுகிறாய், எவ்வளவு மெதுவாக வெட்டுகிறாய் என்பதில்தான் தரம் இருக்கிறது. 1984-ல் ஜூலியஸ் ஸ்மித், ஃபிலிப் காசெட் இருவரும் எந்த விகிதத்துக்கும் பொருந்தும்படி இதைச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். பின்னால் வந்த பல இலவச மென்பொருள்கள் அந்த வழியில் வந்தவை. எரிக் டி காஸ்ட்ரோ லோப்போ எழுதிய நிரலுக்கு 'ரகசிய முயல் குறி' என்ற பொருளில் ஒரு பெயர். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகள் மாதிரி வீத மாற்றம் என்பதன் முதலெழுத்துகளாகவே அமையும். இந்த வட்டாரத்தில் இப்படியும் நகைச்சுவை உண்டு.

சோம்பேறி வழியும் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் இரண்டே எண்களை எடுத்து நடுவில் ஒரு நேர்க்கோடு இழுத்துவிடுவது. கேட்டால் என்ன ஆகும்? 10,000 ஹெர்ட்ஸில் ஒரு சீழ்க்கை ஒலியைக் கொடுங்கள். அதோடு கூட 13,900-லும் 6,100-லும் இரண்டு பேய்ச் சுருதிகள் முளைக்கும். முதலாவதன் அலைவீச்சு மூல ஒலியில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. இன்னும் மெலிதாகச் சில பேய்களும் வரும். மூல ஒலியோடு இவற்றுக்கு எந்தச் சுரசம்பந்தமும் கிடையாது. கடிகாரங்களின் வித்தியாசமான 3,900-ஐக் கூட்டியும் கழித்தும் பிறந்தவை. மேல்கோடியில் 20,000 ஹெர்ட்ஸில் ஒலி ஏறக்குறைய பாதியாகத் தேய்ந்தும் போகும். தாழ்விலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் ஒற்றைச் சுருதியை இப்படிப்பட்ட கணக்கில் ஓடவிட்டுக் கேட்டிருக்கிறேன். ஒலி மேலே ஏற ஏற, பின்னணியில் இன்னொன்று கீழே இறங்கி, தரையைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறுகிறது. யாரும் வாசிக்காத ஒலி. பாட்டுக் கேட்கும்போது இதைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது. நாகஸ்வரம் போல மேல்சுரங்கள் அடர்ந்த வாத்தியமென்றால் ஏதோ மணல் அரைபடுவதுபோல் இருக்கிறது என்று மட்டும் தோன்றும். 'டிஜிட்டல்னாலே இப்படித்தான், வறட்டுச் சத்தம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

இந்த வாக்கியத்தில் ஒரு கருத்தியல் வேலை நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட நிறுவனம், ஒரு குறிப்பிட்ட விலையில், ஒரு குறிப்பிட்ட குறுக்குவழியில் செய்த மோசமான கணக்கு, 'டிஜிட்டல்' என்ற சாராம்சத்தின் குணமாக மாறிவிடுகிறது. கெட்டது கணக்கு, பழி காலத்தின் மேல். வால்டர் பெஞ்சமின் 1930களில் ஒளிவட்டம் மங்குவதைப் பற்றி எழுதினார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கேசட்டில் ஆன்மா இருந்தது, கோப்பில் இல்லை என்று புலம்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஐயா, உங்கள் அட்டை நேர்க்கோடு இழுக்கிறதா, சிங்க் போடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஆன்மாவைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

நல்ல கணக்கால் முடியாதா என்றால், முடியும். சிங்க் எடைகளைப் போதிய நீளத்துக்கு எடுத்தால் மறுமாதிரியின் பிழை காதுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. 2005-ல் வந்த எக்ஸ்-ஃபை அட்டையில் சில்லின் கணக்குத் திறனில் பெரும்பங்கை மறுமாதிரிக்கே ஒதுக்கினார்கள். முன்தலைமுறை அட்டைகள் எதில் சறுக்கின என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டாம். இன்றைக்குக் கையில் வைத்திருக்கும் போன்கூட அந்தக் கணக்கைத் தாங்கும். என்றாலும் இயல்பமைவு என்று ஒன்று இருக்கிறதே. லினக்ஸில் நெடுநாள் ஆட்சி செய்த பல்ஸ்ஆடியோ என்ற கலவை நிரலில் மறுமாதிரித் தரத்துக்கு 0 முதல் 10 வரை படிகள் உண்டு; நிரலோடு வரும் இயல்பமைவு 1. ஏன் 1? செயலியின் சுமை, பேட்டரி. சரியான காரணங்கள்தான். ஆனால் அந்த முடிவை எடுத்தது நீங்களும் இல்லை, நானும் இல்லை. விண்டோஸ் 98-லிருந்து எக்ஸ்பி வரை கேமிக்ஸர் என்ற உள்ளுறுப்பு கேட்காமலே கலந்துகொண்டிருந்தது. 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்து, எல்லா ஒலியும் அட்டைக்குக் குறித்த ஒரே வீதத்துக்கு வரும். தனிப்பாதை வேண்டும் என்று கேட்கும் நிரலுக்கு மட்டும் வழிவிடுவார்கள். கேட்கத் தெரிந்தவனுக்குத் தனிப்பாதை, தெரியாதவனுக்குப் பொதுக்கணக்கு. 2012-ல் தரமாக அறிவிக்கப்பட்ட ஓப்பஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் 44,100 என்ற வீதமே கிடையாது. குறுந்தகட்டு இசை அதற்குள் போக வேண்டுமானால் 48,000-க்கு மாறித்தான் போக வேண்டும். டெலிவிஷன் கோடுகளில் பிறந்த எண் இப்படி வாசலிலேயே சட்டை மாற்றிக்கொள்கிறது.

ஃபூக்கோவைப் படித்தவர்கள் அதிகாரத்தைத் தடையிலும் தண்டனையிலும் மட்டும் தேடமாட்டார்கள் என்று நம்புகிறேன். இயல்பமைவு யாரையும் தடுப்பதில்லை. அது தன்னைக் காட்டிக்கொள்வதுகூட இல்லை. தலைப்பில் 44,100 என்று இருக்கிறது, திரையிலும் 44,100 என்றே காட்டுகிறது, அட்டை 48,000-ல் பாடுகிறது. மொழிபெயர்ப்பு என்று சொல்லாமல் மொழிபெயர்ப்பை மூலமாக விற்கும் பதிப்பாளரை நாம் சும்மா விடுவதில்லை. குறைந்தபட்சம் ஒரு கடிதமாவது எழுதுவோம்.

*

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "சவுண்டு வருதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார். கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஒரு கேசட்டுக்கு அவர் வாங்கிய காசுக்கு அவ்வளவுதான் கேட்க முடியும். எனக்குமே பெரியப்பா சொல்லாமலிருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்காது.

நான் 'மாற்றி'ய கோப்பை அழித்துவிட்டு, கடையில் தந்ததையே எடுத்து, தலைப்பில் 44,100 இருந்த இடத்தில் 48,000 என்று எழுதினேன். ஒலியின் எண்களில் ஒன்றையும் தொடவில்லை. என் அட்டைக்கும் 48,000-தான் சொந்த வீதம், ஆகவே நடுவில் கணக்குப்பிள்ளை யாரும் தேவைப்படவில்லை. 60 நிமிடம் சரியாக ஓடியது. பெரியப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டேன். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். தவில் தனி வந்தபோது தொடையில் தட்டிக்கொண்டார். முடிந்ததும், "இப்பக் கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார்.

"தலைப்பு சரியாத்தான் இருக்கு பெரியப்பா."

"தலைப்ப யார் கேட்டா? அன்னிக்கு டேப்ரிக்கார்டர்ல பேட்டரி வீக்கா இருந்துச்சு. சாயங்காலம் ஊர்வலத்துக்குள்ள நின்னே போச்சு."

பேட்டரி தளர்ந்தால் பதியும்போது நாடா மெதுவாக நகரும். பிறகு சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறித்தான் கேட்கும். எவ்வளவு தளர்ந்திருந்தது, எந்தப் பாட்டிலிருந்து தளர்ந்தது என்று அவரையே கேட்டு இப்போது எழுதிவைத்துக்கொண்டிருக்கிறேன்.